ராஜாவின் இடது காது

அத்தியாயம் பதினான்கு

அப்பா என்பவர் கோபப்பட்டுக் கத்தினால் கூடச் சமாளித்துவிடலாம். சிரித்துவிட்டால்தான் கஷ்டம்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மகள் சிட்டு குண்டைத் தூக்கிப் போட்டபோது, நாடகக் கம்பெனி நடத்தும் வாத்தியார் சிரிக்கத்தான் செய்தார். "துறைமுகத்துல கிரேன் ஓட்டற பயிற்சிக்கு என்னை எடுத்துட்டாங்கப்பா. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு அங்க இருக்கணும்" என்று அவள் சொல்ல, ரொட்டியைக் கையில் பிடித்தபடியே கட்டடம் அதிரச் சிரித்தார். அப்புறம் நாடகக் கம்பெனியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேட்டீங்களா சங்கதியை? நம்ம ராஜகுமாரி கிரேன் ஓட்டப் போறாளாம்!"

மகள் சிரிக்கவில்லை. மகளைப் பெற்றவளும் சிரிக்கவில்லை.

பெற்றவளைக் கம்பெனியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மேடையில் ஒரு நாளும் ஏறியதில்லை. இடது பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து, நடிப்பவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நடிப்பவர்களுக்கு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் ஒரே ஒருத்தருக்கு. மற்றவர்கள் எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். ராஜா வேஷம் கட்டும் வாத்தியாருக்கு மட்டும் ஒரு வரிகூடத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் எடுத்துக் கொடுக்கிறாள், அவர் முழங்குகிறார். முன்வரிசைக்குக் கேட்காமல் அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசுவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சிம்மாசனத்தை இடது ஓரமாகப் போட்டிருப்பது அதற்குத்தான். வசனம் வந்து சேரும் வரை அவர் தாடியைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பார். "அந்த மௌனம் இருக்கே, அதுதான் சார் நடிப்பு!" என்று ஊர் ஊராக ஜனங்கள் உருகிப் போனார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. குடும்பம் ஓட வேண்டுமே.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் கடைசி ஆட்டம். மத்தியானக் காட்சி.

காலையில் அரங்கத்தின் பின்கட்டில் நின்று ராஜகுமாரியின் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. பக்கத்து அறையில் வாத்தியாரின் போன் அடித்தது.

"ஆமாம், அவளோட அப்பாதான் பேசறேன்... இல்லை. என் மகள் வரமாட்டாள். அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்லை. வைக்கிறேன்."

இஸ்திரிப் பெட்டியை அக்கா நிமிர்த்தி வைத்தாள். விண்ணப்பத்தில் வீட்டு நம்பர் என்று கேட்ட இடத்தில் சிட்டு அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"என்னங்க, யாரு போன்ல?"

"துறைமுகம்." மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "நாளைக்கு வர்றாளா, உறுதியான்னு கேட்டாங்க. வரலைன்னு சொல்லிட்டேன்."

"அவ வரேன்னு சொன்ன வேலைங்க அது."

"அவ சின்னப் பொண்ணு. ஆயிரம் சொல்லுவா."

"இருபத்திரண்டு வயசு ஆகுது."

"ஆகட்டுமே! பதினஞ்சு வயசுலேருந்து அவதான் ராஜகுமாரி. அவளை விட்டா எனக்கு யார் இருக்கா? அடுத்த ஊர்ல விளம்பரத் தட்டி வச்சாச்சு. அவ படம் என் படத்தைவிடப் பெரிசா இருக்கு. நானே விட்டுக்குடுத்திருக்கேன், பாத்துக்கோ."

"அவகிட்ட இப்பவே சொல்லுங்க."

வாத்தியார் விரலை உயர்த்தினார். "திரை விழட்டும்."

இந்தக் கம்பெனியில் அது ஒரு சட்டம். ஆட்டம் உள்ள நாளில் கடைசித் திரை விழுகிற வரைக்கும் யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்லக் கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. மனசு கலைந்தால் நடிப்பு கலைந்துவிடுமாம். குழந்தை பிறந்த சேதி பாதி ராத்திரி வரை காத்திருந்திருக்கிறது. சாகக் கிடக்கிறவர் சேதியும் காத்திருந்திருக்கிறது.

அப்படிக் கிடந்தவர் அக்காவின் அப்பா.

இந்த மனிதரை நம்பி வீட்டை விட்டு வந்தவள் அவள். "நாடகக்காரனோட போனா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் அப்பா. மிதிக்கவில்லை. வருஷங்கள் கழித்து, அவளைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்பதாக ஒரு நாள் போன் வந்தது. முதல் அங்கம் நடந்துகொண்டிருந்தது. போனை எடுத்தவர் வாத்தியார். சொன்னது திரை விழுந்த பிறகு. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அன்றைக்கு அக்கா அழுதாள், சண்டை போடவில்லை. கம்பெனிச் சட்டம் அல்லவா? அவள் கொடுத்த வசனத்தைச் சொல்லி அன்று வாத்தியார் வாங்கிய கைத்தட்டல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. அதை அவள் மன்னிக்கவே இல்லை என்பது இன்று காலையில், சூடான பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. கூட்டம் நிரம்பி வழிந்தது.

இவர்கள் போடுவது ரொம்பப் பழைய சோக நாடகம். ராஜகுமாரிக்குப் படகோட்டி மேல் காதல். ராஜாவோ அவளைப் பக்கத்து நாட்டு மன்னனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். படகோட்டியைக் கொன்று போடுகிறார்கள். சொன்னவனைக் கட்டிக்கொள், இல்லை என்றால் விஷத்தைக் குடி என்கிறார் ராஜா. பெண் குடிக்கிறாள். நாடகத்தை எழுதியவர் எழுதியபடி பார்த்தால் அவள் நின்றுகொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டுச் சாவாள். மண்டியிட்டு, "பெற்றவர் சொல் தட்டிய பாவி நான், மன்னியுங்கள்" என்று கதறுவதெல்லாம் வாத்தியார் சேர்த்த சரக்கு. அந்த இடத்தில் கூட்டம் மூக்கைச் சிந்தும். அப்பாமார்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இடைவேளை விட்டதும் அக்கா முக்காலியை விட்டு எழுந்தாள். நேராக மேக்கப் அறைக்குப் போனாள். சிட்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்க, மேக்கப்காரர் அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு தீட்டிக்கொண்டிருந்தார். அடுத்த அங்கத்தில் அவள் அழுது வற்றியவளாக வர வேண்டும்.

"சிட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அக்கா! திரை விழலை!" என்று பதறினார் மேக்கப்காரர்.

"எனக்குத் தெரியும். உங்க அப்பா காலைல துறைமுகத்துக்காரங்ககிட்ட பேசினாரு. நீ வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. உன் இடத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிட்டாரு."

மேக்கப்காரர் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. சிட்டு கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"மாமா, உங்க போனைக் குடுங்க."

துறைமுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? எடுத்துவிட்டார்கள். சிட்டு எழுந்து நின்று பேசினாள். "சார், காலைல பேசினது எங்க அப்பா. பயிற்சிக்கு வரப்போறது நான். அவர் வரமாட்டார்தான், அதை நான் ஒத்துக்கறேன். நான் வருவேன்... ஐயோ. கூப்பிட்டுட்டீங்களா? எப்போ?... சரி சார். சரி. எட்டு மணிக்கு முன்னாலயே கேட்ல நிப்பேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காத்திருந்த இன்னொரு ஆளை வரச் சொல்லிட்டாங்களாம்மா. நாளைக்கு ரெண்டு பேரும் வந்தா அதிகாரி பாத்து முடிவு பண்ணுவாராம். வரலைன்னா முடிவே பண்ண வேண்டாமாம்."

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார் மேக்கப்காரர், எங்கோ பார்த்துக்கொண்டு. அவருக்கு இந்தச் சங்கதியில் சம்பந்தமே இல்லை பாருங்கள்.

"இப்பவே கிளம்பறியா?" என்று கேட்டாள் அக்கா.

"மாட்டேன். டிக்கெட் வாங்கி வந்து உக்காந்திருக்காங்க. பாதில விட்டுட்டுப் போனா அவர் பண்ணினதுக்கும் நான் பண்ணினதுக்கும் என்ன வித்தியாசம்? ஆட்டத்தை முடிச்சுட்டுத்தான் போவேன்." சிட்டு உட்கார்ந்து முகத்தை மேக்கப்காரரிடம் காட்டினாள். "ஆனா ஒண்ணும்மா. மண்டி மட்டும் போடமாட்டேன்."

கடைசிக் காட்சி.

மேடையின் நடுவில் படகோட்டி செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் சிட்டு. சிம்மாசனத்துக்கு முன்னால், கிரீடமும் நீண்ட அங்கியுமாக வாத்தியார். படுதாவுக்கு இந்தப் பக்கம் அக்கா வசனத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதை வாங்கி வாங்கி இடி போல முழங்கினார்.

"பெற்ற தந்தையின் சொல்லை மீறத் துணிந்தவளே! மண்டியிடு! மன்னிப்புக் கேள்!"

சிட்டு விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"மாட்டேன், தந்தையே."

அக்கா எதிர்பார்த்ததுதான். கூட்டத்துக்கு இது புதுசு என்று தெரியாது. வாத்தியாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்பது இடது காதில் வருவதை மட்டும்தானே? எதிரே நிற்பவர் பேசுவதை அவர் என்றைக்குக் கவனித்தார்? அடுத்த வரியை அக்கா எப்போதும் போல முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தாள். அதை அவர் கையை அகல விரித்து, குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டார்.

"எழுந்திரு மகளே!"

எழுந்திருக்க என்ன இருக்கிறது? அவள் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருக்கிறாள். மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை, "அவங்க நிக்கத்தானே செய்யறாங்க?" என்றது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

வாத்தியாரின் நெற்றியில் வேர்வை. தாடியைத் தடவினார். இடது காதைப் படுதாப் பக்கம் சாய்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முக்கால் முழ தூரத்தில் அந்தக் காது, பெயின்ட் பூசிய முகத்துக்குப் பக்கத்தில் பூச மறந்துபோன வெறும் காது, வசனத்துக்காக ஏங்கிக்கொண்டு நின்றது.

அக்கா மடியிலிருந்த நாடகப் பிரதியை மூடினாள்.

"நில், மகளே" என்றாள்.

"நில், மகளே!" என்றார் ராஜா.

"அந்தக் கிண்ணத்தைக் கீழே வை."

"அந்தக் கிண்ணத்தைக் கீழே வை!"

சிட்டுவின் கண்கள் விரிந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. செத்துக் கிடந்த படகோட்டி ஒரு கண்ணைத் திறந்து, இது எந்த நாடகம் என்பது போல மேலே பார்த்தான்.

அக்கா நிறுத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாக, தெளிவாகக் கொடுத்தாள்.

"உன் வாழ்வு உன்னுடையது, மகளே!" என்று முழங்கினார் வாத்தியார். மார்பைத் தட்டிக்கொண்டார். "அதன்மேல் ஆணையிட நான் யார்? நீ போக நினைத்த இடத்துக்குப் போ! உன்னைத் தடுத்தது என் குற்றம்! போய் வா!"

அர்த்தம் அவருக்கு எப்போதுமே ஒரு வரி தாமதமாகத்தான் போய்ச் சேரும். 'போய் வா' என்று நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவர் முகம் மட்டும் மெல்ல மாறியது. என்ன சொன்னோம்? யார் சொல்லச் சொன்னது? படுதாப் பக்கம் திரும்பினார். அக்கா அவரை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

எங்கோ பின்வரிசையில் ஒரு இளம் பெண் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தாள். அப்புறம் ஒட்டுமொத்தக் கூட்டமும். இத்தனை வருஷத்தில் வாங்காத கைத்தட்டல். சிட்டு கிண்ணத்தைச் சிம்மாசனத்தின் கைப்பிடியில் வைத்தாள். அப்பாவுக்குத் தலை வணங்கினாள். அப்புறம் வலது பக்கமாக நடந்து மறைந்தாள். திரை இழுப்பவர் என்ன செய்வது என்று தெரியாமல் அக்காவைப் பார்க்க, இழு என்று அவள் கையை ஆட்டினாள்.

திரை விழுந்தது. அதற்காகக் காத்திருந்த எரிமலை வெடித்தது.

"என்ன வசனம்டி குடுத்தே? என்ன வசனம் குடுத்தே?" கிரீடம் ஒரு பக்கமாகச் சாய, பின்கட்டுக்குள் வந்து நின்றார் வாத்தியார். "ஊர் சிரிக்க வச்சுட்டியே!"

"ஊர் கைதட்டிச்சு. எனக்குக் கேட்டுது."

"சட்டத்தை மீறி அவகிட்ட சொல்லிட்டே, அப்படித்தானே? திரை விழறதுக்கு முன்னாடியே சொல்லிட்டே?"

"ஆமா. எங்க அப்பா செத்த அன்னைக்கு நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. என்னை உங்ககூடக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்கு அவர்கிட்ட அனுமதி கேட்டீங்களா? உன் வாழ்க்கை உன்னுதுன்னு எனக்கு மணிக்கணக்கா வசனம் பேசினீங்க. அது மட்டும் நீங்களாப் பேசினது. அதை நம்பித்தான் வந்தேன்."

அவர் தாடியைத் தடவினார். பதில் கொடுக்க வேண்டியவளே எதிர்க்கட்சியில் நின்றால் பாவம், அவர் என்னதான் செய்வார்?

சிட்டு வெளியே வந்தாள். சட்டையும் பேன்டும், தோளில் ஒரு பை. அவசரமாகத் துடைத்ததில் கண்ணுக்குக் கீழே கறுப்பு பாதி அப்படியே இருந்தது.

"எங்க கிளம்பிட்டே?" என்று உறுமினார் அப்பா.

"நீங்க போகச் சொன்ன இடத்துக்கு."

"அது ராஜா சொன்னது! உங்க அப்பன் சொல்லலை!"

"சரிப்பா." சிட்டு பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "அப்படின்னா ராஜாவுக்கு நன்றி. அப்பாகிட்ட நான் கேக்கவே இல்லை. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். போயிட்டு வரேன்."

பஸ் நிலையம் தெருவைத் தாண்டினால் வந்துவிடும். அம்மாவும் மகளும் வேகமாக நடந்தார்கள். ஆறரை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் தேநீரைக் குடித்து முடித்துக்கொண்டிருந்தார். சிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரட்டுமா? அந்த அதிகாரிகிட்ட நடந்ததை நான் சொல்றேன். எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் உன் பக்கத்துல நின்னா..."

"அம்மா, வேண்டாம்."

"இல்லடி, உனக்கு உதவியா..."

"நீ பக்கத்துல நின்னா எனக்கும் வசனம் எடுத்துக் குடுப்பே. நானும் அப்பா மாதிரி உன் வாயைப் பாத்துட்டு நிப்பேன்." சிட்டு அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "இன்னைக்கு நீ பண்ணினதை சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா நாளைக்கு என் வாயில வர்றதை நான் பேசறேன். தப்பாப் பேசினாலும் பரவாயில்லை."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளின் கையை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வந்து நின்றாள்.

அப்போது பஸ் நிலையத்தில் ஒரு சலசலப்பு. மூட்டை முடிச்சுகளோடு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிரீடம் தலையில் ஆட, மூச்சு இரைக்க இரைக்க ஒரு ராஜா ஓடி வந்தார். பழக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வாத்தியார் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். மேலே மகள், எதற்கும் தயாரான முகத்தோடு. எதற்காக இந்த மனிதர் ஓடி வந்தார்? இழுத்து இறக்கவா, வாழ்த்தவா? அக்காவுக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

வாத்தியார் தலையை மெதுவாக இடது பக்கம் சாய்த்தார். அக்கா நின்ற பக்கம். இத்தனை பேருக்கு நடுவில் அந்தக் காது அவளிடம் கெஞ்சியது. அவளுக்கு ஆயிரம் வரி தெரியும். இரண்டு வார்த்தை போதும், அப்பாவும் பெண்ணும் சிரித்துக்கொண்டே பிரிந்துவிடுவார்கள்.

வாழ்நாள் முழுக்கக் கிசுகிசுத்தே பழகிய அக்கா, பஸ் நிலையம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கத்தினாள்.

"என்னைப் பாக்காதீங்க! அங்க, அவளைப் பாத்து நீங்களாப் பேசுங்க!"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர ஆரம்பித்தது. ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோடு சேர்ந்து நடந்தபடி, மகளைப் பார்த்து வாயைத் திறந்தார்.